வழக்கு நிலுவையில் உள்ளவரை

ஆவுடை இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இன்று பதினொன்றரை மணிக்கு அவள் சாட்சி சொல்ல வேண்டும்.

அவள் கணவன் நம்பிராஜன், அவளுக்குப் பிடித்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு திருநெல்வேலி நீதிமன்றத்துக்கு வந்தான். எதிர்த்தரப்பு சங்கரலிங்கம், ஆவுடையின் அண்ணன். அவர் முன்னதாகவே வந்து நடைகூடத்தில் இடம் பிடித்து வைத்திருந்தார்.

“உக்காரும் மாப்ளே. எலுமிச்சஞ் சோறு.”

ஒரே டிபன் பாக்ஸில் இருவரும் சாப்பிட்டார்கள்.

“இன்னைக்கு வாய்தா கிடைச்சிரும்லா?”

“கிடைக்கும் மச்சான். வீட்டு வரைபடம் தப்புன்னு மனு போட்டிருக்கேன். நீங்க ஆட்சேபணை சொல்லுங்க. ஆறு மாசம் ஓடிரும். போன தடவை மாதிரி திட்டும்போது சிரிச்சிராதீங்க.”

இறந்தவரின் மூளையிலிருந்து எடுத்த நினைவுப் பிரதிக்குச் சட்டம் ஒரே ஒரு வேலையைத்தான் அனுமதித்தது: சொத்து வழக்கில் சாட்சி சொல்வது. மெய்ப்பூட்டு போட்டிருப்பதால் அதனால் பொய் சொல்ல முடியாது. விசாரணை நாளில் கால் மணி நேரம் விழித்திருக்கும். வழக்கு முடிந்த நிமிடமே அழிக்கப்படும். வாரிசுச் சண்டைகளைச் சீக்கிரம் முடிக்க வந்த சட்டம் இது. அது வந்த பிறகு நாட்டில் பாகப்பிரிவினை வழக்குகள் முடிவதே இல்லை. சண்டை போடுவதற்கென்றே ஒரு சென்ட் நிலம் வாங்கி வைத்தவர்கள் உண்டு.

இவர்களுக்கு ஆவுடையின் பாகம் இருந்தது. அப்பா வீட்டில் பாதி. பிள்ளையில்லாமல் இறந்த பெண்ணுக்கு அப்பா வழியில் வந்த சொத்து, கணவனுக்குச் சேராமல் அப்பாவின் வாரிசுக்கே திரும்பும். அவள் தனக்குத் தருவதாகச் சொன்னாள் என்று நம்பிராஜன் வழக்குப் போட்டான். போடச் சொன்னவரே சங்கரலிங்கம்தான்.

பதினொன்றரைக்கு, உள்ளே சாட்சிக் கூண்டில் இருந்த திரை விழித்தது.

“இந்தச் சட்டையை விட்டா வேற சட்டையே இல்லையா உங்களுக்கு?” என்றாள் ஆவுடை.

நீதிபதியம்மா மனுவைத் திறக்கவில்லை.

“புது விதி வந்திருக்கு. உண்மையிலேயே தகராறு இருக்கான்னு சாட்சிகிட்ட முதல்ல கேக்கணும். இல்லைன்னா இன்னைக்கே வழக்கை முடிக்கணும். சொல்லுங்கம்மா, உங்க கணவருக்கும் அண்ணனுக்கும் சண்டையா?”

நம்பிராஜன் எழுந்தான். அண்ணன் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று போன வாய்தாவில் அவள் கேட்டிருந்தாள். சந்தோஷப்படட்டும் என்று அவன் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான்.

ஆவுடை உதட்டைக் கடித்தாள். கண்ணை மூடினாள். பூட்டு விடவில்லை.

“இல்லங்கம்மா. அண்ணன் இப்ப இவங்க கூடத்தான் இருக்கு. அதுதான் சமைக்குது. ரெண்டு பேரும் என்னையப் பாக்கத்தான் வாராங்க.”

சங்கரலிங்கம் மேசையைச் சுற்றி வந்து நம்பிராஜனின் கன்னத்தில் அறைந்தார். மூக்குக்கண்ணாடி தெறித்து விழுந்தது.

“எங்கப்பன் சொத்தைத் திங்க வந்த பய!” குரல் உடைந்தது. “அம்மா, இப்ப கேளுங்க. சண்டை இருக்கான்னு இப்ப கேளுங்க.”

நீதிபதி திரையைப் பார்த்தார்.

“அண்ணன் அழுதுக்கிட்டே அடிக்குதும்மா,” என்றாள் ஆவுடை. “இது சண்டை இல்ல.” பிறகு அவனிடம், “ஏங்க, கண்ணாடியை எடுத்து...”

திரை அணைந்தது.

எழுத்தர் தீர்ப்புத் தாளை நீட்டினார். யாருக்குப் பாகம் என்று இருவரும் பார்க்கவில்லை. நம்பிராஜன் கண்ணாடியைத் தேடிக் குனிந்தான். அது அவன் காலடியில்தான் கிடந்தது. எடுக்கத் தோன்றாமல் அப்படியே நின்றான்.

கதவு திறந்தே இருந்ததால் நடைகூடத்தில் எல்லோருக்கும் கேட்டிருந்தது. இவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் இப்போது இரண்டு சகோதரிகள். ஒரே டம்ளர் காப்பியை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“எந்திரி. அந்தப் பக்கம் போய் உக்காரு. இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காத.”

“என்னக்கா, விளையாடுதியா?”

“நெசமாத்தான் சொல்லுதேன். போடி. அம்மா வேணுமா, வேண்டாமா?”