உடையாத படலம்

தாஷ்கண்ட் வெயில் கொளுத்திய ஒரு மதியத்தில், நஃபோசத் பழைய ஆய்வுக்கூடத்தின் அடித்தளத்துக்கு இறங்கினாள். கராகுர்ட் சிலந்தியின் விஷம் நரம்புச் சுவரில் எப்படித் துளை போடுகிறது என்று பார்ப்பது அவள் வேலை. அதற்கு உப்புநீர்க் கிண்ணத்திலுள்ள ஊசித் துளையின் மேல் மூளைக்கொழுப்பைத் தடவி, சோப்புக் குமிழி போல ஒரு படலத்தை நிறுத்த வேண்டும். விஷம் அதைத் துளைத்து, உப்பு அயனிகள் ஓடினால் மின்மானியின் முள் அசையும். பாழாய்ப்போன படலமோ யாராவது தும்மினாலே உடைந்துவிடும். அதனால் அங்கே எல்லோரும் கிசுகிசுப்பாகத்தான் பேசுவார்கள்.

இன்று மாலைக்குள் ஒரு படலமாவது நிற்காவிட்டால் அவள் வேலை போய்விடும்.

கொழுப்பு தீர்ந்திருந்தது. குளிர்பெட்டியின் அடியில் ஒரு பழைய குப்பி அகப்பட்டது. அதில் 'மூளை' என்று மட்டும் எழுதியிருந்தது. சந்தையில் ஆட்டுத்தலை வாங்கி அவர்களே கொழுப்பு எடுப்பதுதான் வழக்கம். எதன் மூளை என்று யார் எழுதப் போகிறார்கள்?

தடவினாள். படலம் வண்ணம் காட்டி, மெலிந்து, கறுத்தது.

உடையவில்லை.

விஷம் விடுவதற்கு முன்பே முள் துடித்தது. மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கியது. வாயில் அடக்கும் பச்சைப் புகையிலையின் நெடி அறையில் பரவியது.

எல்லோரும் 'தோம்லா', அதாவது வாத்தியார், என்று அழைக்கும் தலைமை ஆய்வாளர் இஸ்மத்தைக் கூப்பிட்டாள்.

"தோம்லா, படலம் நின்னுடுச்சு! வந்து பாருங்க."

வந்தவர் குப்பியைப் பார்த்ததும் வெளிறிப்போனார்.

"இதை எங்கேருந்தும்மா எடுத்தே?"

அவர் குரல் கேட்டதும் முள் எகிறி விளிம்பில் மோதியது.

"குளிர்பெட்டியிலதான். ஆட்டு மூளைதானே, தோம்லா?"

அவர் பார்வை கதவுக்குப் போனது. அந்த நெடி யாருடையது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எந்நேரமும் அந்தப் புகையிலையை அடக்கியிருந்த, மூன்று வருடத்துக்கு முன் காணாமல்போன சக ஆய்வாளன்.

"மிர்வாசில் அண்ணன்…" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

இஸ்மத் ஓசைப்படாமல் கதவைத் தாழிட்டார். மேசைமேல் இருந்த கருவித் தாங்கியிலிருந்து இரும்புக் கம்பியை உருவினார்.

"என் கண்டுபிடிப்பைத் தன்னோடதுன்னு சொன்னான். நீயாவது வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமேம்மா."

கொல்ல வரும்போதும் கிசுகிசுப்புதான். பழகிய பழக்கம் போகவில்லை அந்தப் பாவிக்கு.

முதல் அடியில் அவள் தோளெலும்பு முறிந்தது. இரண்டாவது அடி தவறி, கிண்ணம் சிதறியது.

படலம் கீழே விழவில்லை.

காற்றில் நின்றது.

விரிந்தது.

அவர் முகத்தில் அப்பிக்கொண்டது.

நகத்தால் கிழித்தார். கிழிந்தது அவருடைய கன்னம்தான். திறந்த வாயின்மேல் அந்தக் கறுப்பு உள்ளே குழிந்து வெளியே புடைத்தது. கண்ணோரம் ரத்தம் கசிந்தது. மூச்சுக்குத் தவித்துச் சுவரில் தலையை மோதினார். மறுபடியும் மோதினார். மண்டை உடையும்வரை மோதினார். அவர் வாயிலிருந்து ஒரு சத்தம்கூட வெளியே வரவில்லை.

நஃபோசத் தாழை நீக்கித் தள்ளாடியபடி வெளியே வந்தாள். குழாயடியில் ஒற்றைக் கையை நீட்டி ரத்தத்தைக் கழுவினாள். உயிர் பிழைத்துவிட்டோம் என்று நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே என்னவோ மினுங்கியது.

ஊதினாள். உடையவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து யாரோ திருப்பி ஊதினார்கள்.