மெழுகில் ஒரு பள்ளம்

காலை ஒன்பது மணி. அரிய கற்கள் விற்கும் கடையின் முதலாளி உள்ளே வந்து பார்த்தால், நடுக் கண்ணாடிப் பெட்டி காலி. வெள்ளை ஃபெல்ஸ்பார் பாறைமேல் நிமிர்ந்து நின்ற பெரில் படிகம் அதில் இருந்தது. அடியில் நீலம், நுனியில் இளஞ்சிவப்பு. யார் கேட்டும் அவர் விற்காதது. பெட்டி உடைபடவில்லை, சாவி போட்டுத் திறந்திருக்கிறார்கள்.

பெட்டிச் சாவி இரண்டே. ஒன்று மகனிடம், மற்றொன்று இரவுக் காவல் பார்க்கும் மைத்துனரிடம். பெற்ற பிள்ளை திருடுவானா? முதலாளி அரை நொடிகூட யோசிக்கவில்லை. மைத்துனர்மேல் புகார் எழுதிவிட்டார்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். வளவளவென்று பேசுபவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"கடையைப் பூட்டினது யாரு?"

"நான்தான். எட்டு மணிக்கு," என்றான் மகன். "கல்லு இருக்கான்னு பார்த்துட்டு பெட்டி லைட்டையெல்லாம் அணைச்சேன். சுவிட்ச் இருக்கற ஆபீஸ் ரூமையும் பூட்டி, அந்தச் சாவியை எடுத்துட்டுப் போயிட்டேன். மாமா சாயங்காலத்துலேருந்து எங்க வீட்லதான், சாப்பிட்டுட்டு பத்து மணிக்கு இங்க வந்தாரு. அப்புறம் அவர் ராஜ்ஜியம்தான்."

மைத்துனர் முன்னால் வந்தார். "வாசல்லயே உக்காந்திருந்தேன்மா. திருட்டுக் கேஸ்ல மாட்டினவனுக்கு எவன்மா காவல் வேலை கொடுப்பான்?"

இன்ஸ்பெக்டர் முதலாளி பக்கம் திரும்பினார். "காலையில லைட் போட்டீங்களா?"

"இல்ல. ஜன்னல் வெளிச்சமே போதும்."

காலிப் பெட்டியில், கல் சாயாமல் நிற்க மேடையில் அப்பியிருந்த மெழுகை இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். வழவழவென்று ஒரு பள்ளம். பக்கத்துப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். அதிலும் ஃபெல்ஸ்பார், அதே மெழுகு. குளிர்காலம், உள்ளே சில்லென்றிருந்தது. பாறையைப் பிடித்து இழுத்தார்.

"மெதுவாம்மா," முதலாளி பதறினார். "ஏடு ஏடா உரியற ஜாதி அது."

அசையவில்லை. இன்னும் இழுக்க, பிய்ந்து வந்தது. மெழுகு தாறுமாறாகக் கிழிந்து, அதில் வெள்ளைச் சில்லு ஒட்டியிருந்தது.

"இப்ப லைட் போடுங்க."

எல்லாப் பெட்டிக்குள்ளும் குண்டு பல்பு எரிந்தது. ஒரு டீ குடித்து முடித்துவிட்டு மூன்றாவது பெட்டியிலிருந்த கல்லைத் தூக்கினார். அலுங்காமல் வந்தது. கீழே வழவழப்பான பள்ளம்.

"காணாமப்போன கல்லை எடுத்தப்ப மெழுகு இளகியிருக்கு," என்றார் மகனிடம். "லைட் எரியறப்போ, இல்ல அணைச்ச சூடு ஆறறதுக்குள்ள எடுத்திருக்காங்க. அப்ப உங்க மாமா உங்க வீட்ல சாப்பிட்டுட்டிருந்தாரு. ராத்திரி அவரால லைட் போட முடியாது, ஆபீஸ் சாவி உங்ககிட்ட. கல்லு எங்க தம்பி?"

மகன் முகம் செத்துப்போனது. "கார் டிக்கியில. வெளியில விலை பேசிட்டேன்பா. நீங்கதான் விக்கவே மாட்டேங்கறீங்களே."

துண்டில் சுற்றிய கல் மேஜைக்கு வந்தது. முதலாளி அதைப் பார்க்கவே இல்லை.

"புகாரைக் கிழிச்சுடுங்கம்மா. வீட்டு விஷயம், நாங்களே பேசித் தீத்துக்கறோம்." மைத்துனரின் கையைப் பிடித்தார். "நீயாவது சொல்லு மச்சான். நம்ம வீட்டுப் பையன்."

மைத்துனர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"காலையில நானும் நம்ம வீட்டு ஆள்தானே அத்தான்."