காலி நாற்காலியின் இரைச்சல்

மூளை ஆராய்ச்சி செய்யும் மனநல டாக்டருக்குப் பழைய வார்டில் அறை ஒதுக்கியது கொஞ்சமும் பிடிக்கவில்லை. புதுக் கட்டடத்தில் இடமில்லையாம். காரை உதிர்ந்த சுவர், போகாத ஈர வாடை, தள்ளினால் முனகும் கதவு. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உள்ளே வந்தார். நோயாளிகளிடமும் அப்படித்தான். யாரையும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அவருக்கு எல்லாரும் வெறும் 'கேஸ்'.

அறை நடுவே ஒரு சாய்வு நாற்காலி. தினமும் காலையில் டெக்னீஷியன் பெண் அதில் ஒரு பிளாஸ்டிக் பொம்மைத் தலையை வைத்து, கம்பிகள் கோத்த தொப்பியை மாட்டி, மூளை அலைகளைப் பதியும் கருவியைச் சோதிப்பாள். பொம்மைக்கு ஏது மூளை? திரையில் நேர்கோடுதான் ஓட வேண்டும். இங்கே முதல் நாளே கோடு மெல்ல ஏறி மெல்ல இறங்கியது, யாரோ தூங்குவதுபோல.

"சார், அலை வருது."

"பழைய வயரிங். கரண்ட் இரைச்சல். எல்லா கேஸ்லயும் அதைக் கழிச்சிடு."

அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அன்றிலிருந்து எந்த நோயாளியைப் பதிந்தாலும் அந்த அலையைக் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தை அவரிடம் காட்டுவாள்.

ஒரு மதியம் ஒரு தையல்காரி வந்தாள். பிரசவத்துக்குப் பிறகு புத்தி தடுமாறி, மருந்தில் தேறியவள். இந்தக் கடைசிச் சோதனை முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். கைக்குழந்தையோடு கணவன் வாசலில் காத்திருந்தான்.

நாற்காலியருகே வந்ததும் அவள் நின்றுவிட்டாள்.

"உட்காரும்மா," என்றாள் டெக்னீஷியன்.

"எப்படிங்க? பெரியவர் ஒருத்தர் உட்கார்ந்திருக்காரே. அவர் மடியிலயா உட்காரச் சொல்றீங்க?"

டெக்னீஷியன் களுக்கென்று சிரித்தாள். டாக்டர் சிரிக்கக்கூட இல்லை.

"தேறிடுச்சாம், தேறி! பூட்டின வார்டுக்கே திருப்பி அனுப்பு."

கணவன் பதறி ஓடிவந்தான். "சார், காலையில நல்லாத்தானே பேசினா. குழந்தைக்கு அம்மா முகமே மறந்துடும் சார்."

"உன் பொண்டாட்டிக்குப் பேய் தெரியுது. உனக்கும் தெரியுதா? ரெண்டு பேருக்கும் சேர்த்தே படுக்கை போடச் சொல்லட்டுமா?"

என்ன வாயோ அது! அவ்வளவு பேசியும் அவருக்கு ஆத்திரம் தீரவில்லை. "பார், எவன் இருக்கான்னு நல்லாப் பார்" என்று தொப்பியைத் தம் தலையில் மாட்டிக்கொண்டு, நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

இருக்கை சூடாக இருந்தது.

நாற்காலி உறைக்கு அடியில், மெலிந்த இரண்டு தொடைகள்.

காதோரம் ஒரு மூச்சு. பழைய மருந்து வாடை.

எழப் பார்த்தார். இடுப்பைச் சுற்றி ஒரு பிடி இறுகியது. கத்தினார். சத்தம் வரவில்லை.

டெக்னீஷியன் பழக்க தோஷத்தில் கழித்தல் பொத்தானைத் தட்டினாள். திரையில் நேர்கோடு. டாக்டர் தலைக்குள் ஓடியது அந்த இரைச்சல் மட்டும்தான். அதைக் கழித்தால் அவர் என்று எதுவும் மிச்சமில்லை.

"சார்?" அவள் கிசுகிசுத்தாள்.

அவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தார். முதுகு கூனியிருந்தது. தையல்காரியைப் பார்த்துச் சிரித்தார். அவர் அப்படிக் கனிவாகச் சிரித்து யாரும் கண்டதில்லை.

"வீட்டுக்குப் போம்மா. எனக்கும் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப் போச்சு. நானும் கிளம்புறேன்."

அவளை அனுப்பக் கையெழுத்துப் போட்டார். வெயிலுக்குக் கண் கூச, சுவரைப் பிடித்தபடி வெளியே நடந்து போனார்.

தையல்காரி குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். கணவன் காதில் மெதுவாகச் சொன்னாள்.

"சீக்கிரம் வாங்க. இப்ப அந்த நாற்காலியில டாக்டர் இருக்காரு. கத்திக்கிட்டே இருக்காரு."

மறுநாள் காலை டெக்னீஷியன் வழக்கம்போல் பொம்மைத் தலைக்குத் தொப்பியை மாட்டினாள். கோடு இன்று தூங்கவில்லை. மேலும் கீழும் வெட்டி வெட்டித் துள்ளியது.

"சே, பாழாப்போன வயரிங்" என்று சலித்துக்கொண்டு, சார் சொல்லிக்கொடுத்தபடியே அதைக் கழித்தாள்.