மூக்கன் எழுதிய பின்னூட்டம்

அந்தப் பின்னூட்டத்தை அவள் அனுமதிக்கவில்லை. முதலில் உறுத்தியது அதுதான்.

அவளுடைய வலைப்பதிவில் யார் என்ன எழுதினாலும் அது நேரே போய் உட்கார்ந்துவிட முடியாது. முதலில் அவள் பார்வைக்கு வரும். அவள் படித்து, 'அனுமதி' என்ற பொத்தானை அழுத்தினால்தான் மற்றவர்கள் கண்ணில் படும். ஏழு வருடமாக அதுதான் வழக்கம். அன்று மத்தியானம் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கணினிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தபோது, முந்தின நாள் பதிவுக்குக் கீழே ஒன்று கேட்காமல் கொள்ளாமல் ஏறி உட்கார்ந்திருந்தது.

"அக்கா, பதிவு அருமை. ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே? உங்க வீட்டு சமையலறைத் தொட்டிக்குக் கீழ லேசா ஒரு வாடை வருது. பாத்துக்கங்க. இப்படிக்கு, மூக்கன்."

அவள் எழுதுவது கறைகளைப் பற்றி. தேநீர்க் கறை, மைக் கறை, துரு, ரத்தம், வியர்வை, குழந்தை கக்கிய பால் என்று எதை எதனால் துடைத்தால் போகும் என்பதை அவளைப் போல விவரமாகச் சொல்ல ஆளில்லை. வாசகர்கள் செல்லமாகக் 'கறை அக்கா' என்பார்கள். கறையைவிட அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இன்னொன்று. 'பின்னூட்ட நாகரிகம்' என்று அவள் எழுதி வைத்திருந்த பக்கம் அது. முழுசாகப் படித்துவிட்டு எழுதுங்கள். சொந்தப் பெயரில் எழுதுங்கள். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை இங்கேயும் சொல்லாதீர்கள். வீடு தேடி வந்தவருக்கு ஒரு நன்றியாவது சொல்லுங்கள். எதையாவது நீக்கினால் ஏன் நீக்கினோம் என்று சொல்லிவிட்டு நீக்குங்கள். அதை எத்தனையோ பேர் எடுத்துத் தங்கள் பதிவில் போட்டுக்கொண்டார்கள்.

அவள் சொல்லாமல் நீக்கினாள். அந்தப் பெயரைப் பார்த்த கண் இரண்டு நொடி அங்கேயே நின்றது. பிறகு விரல் அழுத்திவிட்டது.

பக்கம் சுத்தமானதும் வாடை வந்தது.

பெரிய வாடை ஒன்றுமில்லை. பூச்சாடியில் பல நாள் மாற்றாமல் விட்ட தண்ணீரும், வாயை மூடியே வைத்திருந்தவர் திடீரென்று கொட்டாவி விட்டால் வருவதும் கலந்தது போல, இனிப்பாக, வெதுவெதுப்பாக, இருக்கிறதா இல்லையா என்று மூக்கே சந்தேகப்படும்படி சமையலறைப் பக்கமிருந்து ஊர்ந்து வந்தது. தொட்டிக்குக் கீழே இருந்த கதவைத் திறந்து, புட்டிகளையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு, குழாயின் வளைவைக் கழற்றினாள். உள்ளேயிருந்து கறுப்பாக ஒரு கொழகொழப்பு, குழாயின் வடிவத்திலேயே, வழுக்கி வந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது. அதில் முடி இருந்தது. நீளமான நரைமுடி. அவளுக்கு நரை கிடையாது. அவள் கணவருக்கோ தலையில் முடியே கிடையாது.

அவள் கையை முழங்கை வரை மூன்று தடவை கழுவினாள்.

படுக்கையறையில் அவள் கணவர் குப்புறப் படுத்திருந்தார். கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மேல் தட்டில் இருந்த பெட்டியை எடுக்கப்போய் ஏணியிலிருந்து விழுந்து முதுகைப் பிடித்துக்கொண்டது. இரண்டு வாரம் அசையக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆறு நாள் ஆகியிருந்தது.

"என்னங்க, உங்களுக்கு ஏதாவது வாடை வருதா?"

"இந்தத் தைலத்தைப் பூசினதுலேர்ந்து என் மூக்கு ஓய்வுல போயிடுச்சும்மா. ஏன், ஏதாவது தீயுதா?"

"ஒண்ணுமில்ல."

அவருக்குக் காலையும் மாலையும் அவள்தான் தைலம் தேய்க்க வேண்டும். பஞ்சை வைத்து, விரல் நுனியால், தோல் படாமல் தேய்ப்பாள். வியர்த்த முதுகு அவளுக்கு ஆகாது. நல்ல மனிதர், அவரும் அதைக் கண்டும் காணாதது போல, "போதும்மா, போதும்," என்று சீக்கிரமே விட்டுவிடச் சொல்வார்.

மறுநாள் மத்தியானம் இன்னொன்று இருந்தது. அதையும் அவள் அனுமதிக்கவில்லை.

"நேத்து மூக்கன் சொன்னதை நீக்கிட்டீங்க. காரணம் சொல்லிட்டுத்தான் நீக்கணும்னு நீங்கதானே அக்கா எழுதியிருக்கீங்க? போகட்டும். வாடை தொட்டியில மட்டும் இல்ல. படுக்கையிலயும் இருக்கு. இப்படிக்கு, ஒரு மருமகள்."

மூக்கன் என்று உலகத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். மூக்கனும் ஒரு மருமகளும் சேர்ந்து வருவதென்றால், அந்த இரண்டு பேரையும் தெரிந்தவள் இந்த உலகத்தில் ஒருத்திதான். ஏனென்றால் இரண்டு பேரும் அவளேதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு அம்மாள் 'படுக்கையோரம்' என்று ஒரு வலைப்பதிவு எழுதிக்கொண்டிருந்தாள். கை கால் விளங்காமல் படுத்துவிட்ட கணவரை எப்படிப் புரட்டினேன், எப்படித் துடைத்தேன், விரிப்பை எப்படி மாற்றினேன் என்று தினமும் நாலு வரி. வரிக்கு இரண்டு எழுத்துப் பிழை. ஆனாலும் கூட்டம் கூடியது. கறை அக்காவின் வாசகர்களே அங்கே போய் 'படிச்சிட்டு அழுதுட்டேன் அம்மா' என்று எழுத ஆரம்பித்தார்கள். அவளுக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் விளையாட்டாக மூக்கன் என்ற பெயரில் போனாள். "அம்மா, உங்க எழுத்துலயே படுக்கை நாத்தம் அடிக்குது. கொஞ்சம் நல்லா துடைங்க."

அந்த அம்மாள் அதை நீக்கவில்லை. நீக்கத் தெரியுமோ என்னவோ. கீழே பதில் மட்டும் இருந்தது. "வந்ததுக்கு நன்றிங்க. இன்னைக்கி ரெண்டு தடவ துடச்சேன். எந்த எடத்துல வாடைன்னு சொன்னா நல்லா இருக்கும்."

சிரிப்பாக இருந்தது. ருசி கண்ட பூனையாக அவள் மறுபடி போனாள். 'ஒரு மருமகள்' என்று போய், "எங்க வீட்லயும் பெரியவங்க படுத்திருக்காங்க, இப்படி நாறலையே" என்றாள். 'உண்மை விளம்பி' என்று போய், "புருஷனை அழுக விட்டுட்டு எழுத உட்கார்ந்திருக்கா பாருங்க" என்றாள். நாலு பேர் கூடி நின்றால் ஐந்தாவது ஆள் தானாக வருவான். மற்றவர்களும் 'ஆமாம், எங்களுக்கும் அப்படித்தான் பட்டது' என்று சேர்ந்துகொண்டார்கள். அந்த அம்மாள் எல்லோருக்கும் பதில் சொன்னாள். வந்ததுக்கு நன்றிங்க. இன்னைக்கி நாலு தடவ துடச்சேன். வந்ததுக்கு நன்றிங்க. ஏழு தடவ. வந்ததுக்கு நன்றிங்க, தோலு வழண்டு போச்சு, ஆனா இப்ப வாடை இல்லன்னு நினைக்கிறேன், நீங்கதான் சொல்லணும்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பதிவும் வரவில்லை.

அவள் எழுந்து படுக்கையறைக்குப் போனாள். கணவரைக் கைத்தாங்கலாக நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, விரிப்பை உருவி, மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள். அடிப்பக்கத்தில் கறை. பழுப்பும் மஞ்சளுமாக, தோள்பட்டை அகலத்தில் தொடங்கி, இடுப்பில் குறுகி, ஒரு ஆள் மல்லாந்து படுத்த அளவுக்கு. ஓரம் காய்ந்து மொறமொறப்பாக இருந்தது. நடுவில் தொட்டால் விரல் அமிழ்ந்தது. நனைந்திருந்தது. விரலை எடுத்தபோது நூல் போல ஒன்று கூடவே இழுபட்டு வந்தது.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் அப்படி எதுவும் பண்ணலம்மா. சத்தியமா."

"உங்களைச் சொல்லலைங்க."

"வேணும்னா அந்தச் சின்ன அறையில படுத்துக்கறேன். உனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லு."

எலுமிச்சை, வினிகர், சோடா உப்பு என்று தான் எழுதிய அத்தனையும் போட்டுத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அது அகன்றது. கடைசியில் அவரைச் சின்ன அறைக் கட்டிலுக்கே மாற்றினாள். மெத்தையைப் பின்கட்டில் நிறுத்தி வைத்தாள். ஈ ஒன்றுகூட அதன் பக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் அவள் கணினியைத் திறக்கவில்லை. மாலை வரை தாக்குப்பிடித்தாள். வெளிச்சம் மங்கி, சன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீண்டு கிடந்த நேரத்தில் கைபேசியை எடுத்தாள். அதில் இருந்தது.

"வாடை உங்க கையில. இப்படிக்கு, உண்மை விளம்பி."

விரல்களை மூக்கருகே கொண்டுபோனாள். சோப்பு வாசனை. சோப்புக்குக் கீழே அது. நகக்கண்களில் கறுப்பு இல்லை, அழுக்கு இல்லை. ஆனால் ஆள்காட்டி விரல், நடுவிரல், எழுத்துகளை அழுத்துகிற நுனிகளில் மட்டும் சதை கொஞ்சம் ஊறி, வெளுத்து, மெத்தென்றிருந்தது. நகம் தேய்க்கும் தூரிகையால் தேய்த்தாள். வலிக்கவில்லை. வலிக்காதது பயமாக இருந்தது.

கணினியைத் திறந்து, மூன்று வருடத்துக்குப் பிறகு, 'படுக்கையோரம்' போனாள்.

பதிவு அப்படியே இருந்தது. பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீட்டில் என்னென்ன நுழையுமோ அத்தனையும் நுழைந்திருந்தன. ஆண்மை மாத்திரை, சூதாட்டம், உடல் இளைக்கும் பொடி, ஒரே நாளில் பணக்காரராகும் வழி என்று அந்தக் கடைசி நாலு வரிப் பதிவின் மேல் செத்த எலியை எறும்பு மொய்ப்பது போல ஆயிரக்கணக்கில் விளம்பரப் பின்னூட்டங்கள் மொய்த்திருந்தன. அவள் கீழே போய்க்கொண்டே இருந்தாள். பிறகுதான் கவனித்தாள். ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது.

"வந்ததுக்கு நன்றிங்க. எங்களுக்கு மாத்திரை வேண்டாங்க. இன்னைக்கி பதினஞ்சு தடவ துடச்சேன்."

"வந்ததுக்கு நன்றிங்க. சீட்டாட்டம் தெரியாதுங்க. இன்னைக்கி முப்பது தடவ. தோலு இல்ல இப்ப."

"வந்ததுக்கு நன்றிங்க. துடைக்க அவரு இல்ல இப்ப. ஆனா வாடை இருக்கு. தேடிக்கிட்டு இருக்கேன்."

கடைசிப் பதிலின் தேதி இன்றையது.

அவளுக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பெயரில் அடித்தாள். அம்மா, மூக்கனும் நான்தான், மருமகளும் நான்தான், உண்மை விளம்பியும் நான்தான். உங்ககிட்ட எந்த வாடையும் இல்லை. பொறாமையில எழுதிட்டேன். மன்னிச்சிடுங்க. தயவுசெஞ்சு துடைக்கிறதை நிறுத்திடுங்க.

அனுப்பினாள். அனுமதிக்குக் காத்திராமல் அது நேரே போய் உட்கார்ந்தது.

பதில் உடனே வந்தது.

"வந்ததுக்கு நன்றிம்மா. மூணு பேரும் ஒரே ஆளா? மூணு வீட்டுல தேடணுமேன்னு மலச்சிப் போயி இருந்தேன். எந்த எடம்னு நீங்க கடைசி வரைக்கும் சொல்லல. அதான் தொட்டி, மெத்தைன்னு ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டு வந்தேன். இப்பதான் கண்டுபிடிச்சேன். முதுகுலதான்."

அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

வீடு அமைதியாக இருந்தது. பிறகு அமைதியாக இல்லை. சின்ன அறையிலிருந்து தண்ணீரில் துணியை அலசும் சத்தம். பிழியும் சத்தம். சொட்டுச் சொட்டாக விழுந்து ஓய்ந்தது. அப்புறம் ஈரத்துணி தோலில் இழுபடும் சத்தம். மெதுவாக. ஒழுங்காக. பழகின கை.

"இன்னும் கொஞ்சம் கீழ," என்றது அவள் கணவரின் குரல், தூக்கக் கலக்கத்தோடு. "அங்கதாம்மா. அங்கதான்."

நடந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. வாடை கதவளவு நின்றிருந்தது. அதற்குள் முகத்தை நுழைத்துத்தான் போக வேண்டியிருந்தது.

அவர் குப்புறப் படுத்திருந்தார். சட்டை கழுத்து வரை சுருட்டிவிடப்பட்டிருந்தது. ஒரு கன்னம் தலையணையில். கண் மூடியிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. தரையில் ஒரு வாளி. வாளித் தண்ணீர் சிவப்பு.

நாலாக மடித்த துணி ஒன்று அவர் முதுகில் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தது.

துணி போன இடமெல்லாம் தோல் ஊறின காகிதம் போலத் திரண்டது. சுருண்டது. துணியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில் ஈரமாக, பளபளப்பாக, மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குகிற ஒன்று. அதையும் துணி விடவில்லை. ஓரங்களில், விலா வளைவுகளில், நிதானமாக நின்று தேய்த்தது.

"என்னங்க," என்றாள்.

"இன்னிக்குத்தாம்மா உன் கை பதமா இருக்கு," என்றார் அவர், கண்ணைத் திறக்காமல், சிரித்தபடி. "வழக்கமா விரல் நுனியால தொட்டுட்டு ஓடிடுவே. இன்னிக்குத்தான் அருவருப்பு இல்லாம தேய்க்கற."

துணி நின்றது. எழும்பியது. வாளிக்கு மேல் போய்த் தானாக முறுக்கிப் பிழிந்துகொண்டது. பிறகு உதறிப் பிரிந்து, அழுக்கான பக்கம் உள்ளே போகும்படி பதவிசாக நாலாக மடிந்து, அவர் பிடரியில் மறுபடி வந்து அமர்ந்தது.