இணைப்பை அறுத்த கை!

உலகெங்கும் வாழும் தமிழ் மக்களுக்கு மிகுந்த மன வேதனையுடன் அறிவிக்கப்படுவது என்னவென்றால்...

திருச்செங்கோட்டில், போர்வெல் போடும் ரிக் லாரிகளின் உதிரிபாகக் கடை மாடியில், இன்று காலை ஓர் இணைப்பு கொல்லப்பட்டது!

ஒரு முறை அல்ல. மூன்று முறை!

"ஐயோ... மறுபடியும் செத்துப்போச்சு சார்!"

அலறியவள் தனப்பிரியா. அந்த மாடியில் இயங்கும் கம்பெனியின் டிசைனர்.

இந்த இடத்தில் இடி இடித்து மின்சாரம் போயிருக்க வேண்டும். போகவில்லை. கடையில் யாரோ ஒரு ஸ்பானரைக் கீழே போட்டார். அவ்வளவுதான்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து வந்தான் கௌதமன். கதவில் 'தலைமைச் செயல் அதிகாரி, ஆசிய மண்டலம்' என்று எழுதியிருந்தது. வேறு மண்டலம் எதுவும் கிடையாது.

"ஏங்கண்ணு, எது செத்துச்சு?"

"இணைப்பு சார். நம்ம புரோகிராம் கோடு இருக்கற அக்கவுண்டையும் டிசைன் பக்கத்தையும் சேத்துவிட்டா, கோடுல பட்டன் கலரு மாறுனா அங்கயும் தானா மாறும். சேக்கறேன்... பச்சை டிக் வருது... டீ குடிச்சுட்டு வந்து பாத்தா அறுந்து கெடக்கு!"

கௌதமனின் புருவங்கள் நெரிந்தன.

"ரஷ்யாக்கார ஹேக்கருதான்!"

"நாமக்கல்லுல எத்தனை அடியில தண்ணி வந்தா ரஷ்யாக்காரனுக்கு என்ன சார்?"

அவர்கள் செய்துகொண்டிருந்தது போர்வெல் லாரிகளுக்கான ஆப்.

"சிரிக்காத! சென்னியப்பண்ணன் வந்துட்டிருக்கறாரு. ஊருல பாதி ரிக் லாரி அவரோடது. ரிக்கை நிறுத்தற பட்டன் எப்படி இருக்கும்னு பாக்கோணும்ங்கறாரு. வாரப்ப இது அறுந்து கெடந்தா ஆர்டரு கோயமுத்தூருக்குப் போயிரும். நீ வேலைய உட்டுட்டு உங்கூரு வாழப்பாடிக்குப் போயிருவ!"

"நான் ஏன் சார் போகணும்?"

"கம்பெனியில வேலை பாக்கறது ரெண்டு பேரு. யோகேஷ் கல்யாணத்துக்குப் போயிட்டான். மிச்சம் ஆரு?"

சந்தேகப் பட்டியல் சுருக்கமாக இருந்தது.

"மிச்சம் நீங்களும்தானே சார்?"

கௌதமன் சுவரைக் காட்டினான். போட்டோவில் அவனே... கல்யாண மண்டபத்தில், மைக்கும் பொன்னாடையுமாக! 'சைபர் பாதுகாப்புச் சிங்கம்' என்ற பட்டம் கீழே. பொன்னாடை அவன் காசில் வாங்கியது.

"எம்பட அக்கவுண்டுக்குள்ள ஒரு கொசு பூந்துருமா?"

"உங்க பேர்லயா சார் இருக்கு?"

"எம்பேர்ல எதுவும் ராசியில்ல கண்ணு. ஊடு, காரு, கம்பெனி, அக்கவுண்டு... எல்லாம் சௌந்திரம் பேர்லதான். அதைய உடு. மறுக்கா இணை. நான் நின்னு பாக்கறேன்!"

இணைத்தாள். பச்சை டிக்!

நான்கு கண்கள் திரையில். யாரும் டீக்குப் போகவில்லை.

தட்... தட்... தட்...

படியேறி வந்தார் சென்னியப்பன். வெள்ளை வேட்டி, கையில் கார் சாவி.

"ஏனுங் தம்பி, ஆச்சா?"

அந்த விநாடி...

பச்சை டிக் மறைந்தது!

"என் கை ரெண்டும் இங்க இருக்கு சார்!" தனப்பிரியா கைகளை உயர்த்தினாள். "இப்போ யாரை வாழப்பாடிக்கு அனுப்பப்போறீங்க?"

கௌதமனின் போன் அலறியது. பதற்றத்தில் அவன் விரல் ஸ்பீக்கரில் பட்டது.

"ஏனுங்க..." சௌந்திரம். அவன் மனைவி. மூச்சு வாங்கியது. "காலையில இருந்து எவனோ ஒரு திருட்டுப்பய நம்ம கம்பெனிக்குள்ள பூந்துட்டே இருக்கறானுங்க! 'புதுசா ஒருத்தரு உள்ள வந்திருக்காரு, நீங்கதான் உட்டீங்களா'ன்னு எனக்கு மெயில் வருது. நானா உடுவேன்? வெட்டி உட்டுட்டேன். இப்பக்கூட ஒருக்கா வெட்டுனேன்!"

"உன்னைய... ஆரு... வெட்டச் சொன்னா?"

"நீங்கதானுங்க! மண்டபத்துல மைக்கைப் புடிச்சுக்கிட்டு, 'தெரியாதவன் உள்ள வந்தா யோசிக்காதீங்க, வெட்டுங்க'ன்னு கத்துனீங்களே! மண்டபமே தூங்குச்சு. நான் ஒருத்திதானுங்க முழிச்சிருந்து கேட்டேன்!"

சைபர் சிங்கம் நாற்காலியைத் தேடியது.

தனப்பிரியா போனை நோக்கிக் குனிந்தாள்.

"அக்கா, அந்தத் திருட்டுப்பய நான்தான். டிசைன் பண்ற தனப்பிரியா. இதுக்காக சார் என்னை வேலைய விட்டு அனுப்பறாரு."

"அவரு ஆரு உன்னைய அனுப்ப? கம்பெனி எம்பேர்ல இருக்குது. நீ இணை சாமி. இனி நான் தொட மாட்டேன்."

இணைத்தாள்.

பச்சை டிக்... நின்றது! டிசைன் பக்கத்தில் தகதகவென்று வந்து உட்கார்ந்தது சிவப்பு நிறத்தில் ஒரு பட்டன்.

சென்னியப்பன் கண்ணாடியை மாட்டினார். குனிந்தார். பார்த்தார்... பார்த்தார்... பார்த்துக்கொண்டே இருந்தார்.



"நல்லாத்தான் இருக்குது தம்பி. ஆர்டரு உங்களுக்கே. ஆனா ஒண்ணு..."

"சொல்லுங்கண்ணா!"

"இதைய ஒரு போட்டோ புடிச்சு வாட்ஸப்புல போட்டிருந்தா போதாதா?"

போதும்.