மூன்றாம் வரிசை பெல்ட்

பழைய வண்டிகளைப் பார்த்துச் சொல்வது என் தொழில். வாங்கப் போகிறவர் என்னை அனுப்புவார். நான் போய் இன்ஜின் சத்தத்தைக் கேட்டு, அடியில் படுத்துத் துருவைச் சுரண்டிப் பார்த்து, வாங்கலாம் அல்லது வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வேன். விற்கிறவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. வாங்குகிறவருக்கும் வேலை முடிந்ததும் என் முகம் மறந்துவிடும்.

அன்று போனது என் தங்கைக்காக. அவளுக்கு மூன்று பிள்ளைகள். ஏழு பேர் உட்காரக்கூடிய மினிவேன் ஒன்று அவள் கைக்கு எட்டுகிற விலையில் வந்திருந்தது.

"நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லுண்ணா, கண்ண மூடிக்கிட்டு வாங்கிடறோம். நாங்க அஞ்சு பேரு. ஒரு சீட்டு உனக்குத்தான். இனிமே ஞாயித்துக்கிழமையானா தனியா மோட்டுவளையப் பாத்துக்கிட்டு கெடக்காத" என்றாள்.

என் மனைவி மகனைக் கூட்டிக்கொண்டு போய் நான்கு வருடம் ஆகிறது. அந்த ஒரு சீட்டின் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று தங்கையிடம் நான் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

தெருவின் கடைசி வீடு அது. பிற்பகல் மூன்று மணிக்கு ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தியபோது ஒரு பெண்மணி சாவியோடு காத்திருந்தார். வீட்டின் பக்கவாட்டில், தகரக் கூரைக்குக் கீழே வெள்ளை நிறத்தில் வண்டி நின்றது.

"எங்க அக்கா வீட்டு வண்டி. நீங்களே போய்ப் பாத்துக்குங்க. எனக்கு உள்ள வேலை இருக்கு" என்று சாவியை நீட்டினார்.

ஆனால் அவர் உள்ளே போகவில்லை. வாசற்படியிலேயே நின்றார்.

பானெட்டில் கை வைத்தேன். சூடு இல்லை. நல்லது, சிலர் நான் வருவதற்குள் இன்ஜினைச் சூடாக்கிக் கோளாறை மறைத்துவிடுவார்கள். ஆயில் சுத்தம். டயர்கள் பரவாயில்லை. பிரேக் விளக்கைப் பார்க்க, ஒருவர் பெடலை மிதிக்க இன்னொருவர் பின்னால் நிற்க வேண்டும். எனக்கு அந்த ஒருவர் ஒரு மரக்கட்டை. பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே அதை முட்டுக் கொடுத்துவிட்டு நானே பின்னால் போய்ப் பார்த்தேன். இரண்டும் எரிந்தன. தங்கைக்கு இப்போதே போன் செய்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

பக்கக் கதவைத் தள்ளித் திறந்தேன். சென்ட் வாசனை முகத்தில் அடித்தது. புது சீட் துணி, புது கார்பெட். வாசனைக்கு அடியில் வேறொன்றும் இருந்தது.

சேற்று வாடை.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கண்டுபிடிக்க சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்ப்போம். துணியை மாற்றுவார்கள், கார்பெட்டை மாற்றுவார்கள். உள்ளே சுருண்டு கிடக்கும் பெல்ட்டை யாரும் கவனிக்க மாட்டார்கள். தண்ணீர் ஏறிய மட்டம் அதில் கோடாக நிற்கும். இங்கே கெட்டிக்காரர் யாரோ முன்வரிசை, நடுவரிசை பெல்ட்டுகளைக்கூடப் புதிதாக மாற்றியிருந்தார்.

மூன்றாம் வரிசையில் இடது ஓரத்து பெல்ட் மட்டும் பழையது. ஆள் இல்லாத சீட்டில் அது மாட்டிக் கிடந்தது.

சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். வரவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினேன். கடைசியில் விருப்பமில்லாமல் விடுவதுபோல் விட்டது. பெல்ட்டை முழுக்க இழுத்தேன். நெஞ்சுக்கு வரும் இடத்தில் மண்கோடு. அதற்கு மேலே இன்னொன்று. அதற்கும் மேலே இன்னொன்று.

என் விரல்கள் ஈரமாயின.

அங்கேயே இறங்கி வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வேறு யார் அனுப்பியிருந்தாலும் சொல்லியிருப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சீட்டு கண்ணுக்கு முன்னால் நின்றது. ஒரு சுற்று ஓட்டித்தான் பார்ப்போமே என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். கதவைச் சாத்திவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன்.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. வண்டியை எடுக்கும் முன் கேட்பேன். மனைவியும் மகனும் மட்டும்தான் இருப்பார்கள், அப்போதும் கேட்பேன். "ரெண்டு பேருக்கு இவ்வளவு பெரிய விசாரணையா?" என்று அவள் சிரிப்பாள். அவர்கள் போன பிறகும் நாக்கு அதை விடவில்லை.

"எல்லாரும் ஏறியாச்சா?" என்றேன்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் இன்னும் எறங்கவே இல்லையே."

சின்னக் குரல். பின்னாலிருந்து.

திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். மூன்றாம் வரிசையில் யாரும் இல்லை. நான் கழற்றிய பெல்ட் மறுபடி மாட்டியிருந்தது. சீட்டோடு ஒட்டிக் கிடக்கவில்லை. ஒரு குழந்தையின் வயிற்றளவுக்கு முன்னால் உப்பி நின்றது.

எப்படி இறங்கினேன், எப்படி வாசற்படிக்கு ஓடினேன் என்று தெரியாது. அந்தப் பெண்மணி என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். இதற்கு முன்பும் ஆட்கள் இப்படி ஓடிவந்திருக்க வேண்டும்.

"பேசுச்சா?" என்று மெல்லக் கேட்டார்.

தலையாட்டினேன்.

"அக்காவோட கடைசிப் பொண்ணுங்க. அஞ்சு வயசு. பாலத்துக்கு அடியில வண்டி மாட்டிக்கிச்சு. ராத்திரி, மழை, கண்ணு தெரியல. தண்ணி மடமடன்னு ஏறுது. அக்கா வீட்டுக்காரரு தூக்கிட்டாருன்னு அக்கா நெனச்சா, அக்கா தூக்கிட்டான்னு அவரு நெனச்சாரு. மேட்டுக்கு வந்து, எல்லாரும் எறங்கியாச்சான்னு கேட்டிருக்காரு. பெரியவன் ஆச்சுன்னு சொல்லிட்டான்."

அவர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "அக்கா இந்த வண்டிய மறுபடி பாக்கவே இல்ல. நானும் கிட்ட போனதில்ல. பெத்தவளே போகலன்னா நான் போயி என்னன்னு சொல்லுவேன்?"

என் பையும் போனும் வண்டிக்குள் இருந்தன. எடுக்கத்தான் திரும்பிப் போனேன். எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆனாலும் ஐந்து வயதுப் பிள்ளையை இறங்கச் சொல்ல ஒருவர்கூட வரவில்லை என்பது என்னவோ செய்தது. நானும் கூப்பிட ஆள் இல்லாமல் கிடக்கிறவன்தான்.

பக்கக் கதவைத் திறந்தேன்.

"வா கண்ணு. எறங்கு."

எதுவும் அசையவில்லை.

பிறகு பெல்ட் கழன்ற சத்தம் கேட்டது. வண்டியின் கதவோரப் படி லேசாக அழுந்தியது. ஒருவர் இறங்கினால் வண்டி எவ்வளவு எழும்பும் என்று எனக்குத் தெரியும். இது மிகக் கொஞ்சம்தான் எழும்பியது.

சேற்று வாடை அடியோடு போய்விட்டது. இன்ஜினை நிறுத்திச் சாவியைக் கொடுத்தேன். அந்தப் பெண்மணி அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். தெருமுனைக்கு வந்துதான் தங்கைக்குப் போன் செய்தேன்.

"வேணாம்மா. தண்ணியில முழுகின வண்டி. பிள்ளைங்கள ஏத்தாத."

"சரி விடுண்ணா. வேற கெடைக்காமலா போயிடும்? நீ நேரா இங்க வந்துடு. சின்னவ மாமா மாமான்னு வாசல்லயே நிக்கிறா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வண்டி இல்லாவிட்டாலும் எனக்கு ஒரு இடம் இருந்திருக்கிறது. "இதோ வரேன்" என்று சொல்லி ஸ்கூட்டரைக் கிளப்பினேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் குழந்தைகளுக்கு என்ன வாங்கிப் போகலாம் என்று யோசித்தேன்.

முதல் திருப்பத்தில் என் சட்டை இரண்டு பக்கமும் பின்னுக்கு இழுபட்டது.

காற்று என்று நினைத்தேன்.

அடுத்த திருப்பத்தில் முதுகில் ஈரம் பரவியது. ஜில்லென்று, ஒரு சின்ன முகம் சாய்ந்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு. தூக்கம் வந்தால் என் மகன் அப்படித்தான் சாய்ந்துகொள்வான்.

கண்ணாடியில் வெறும் சாலை.

தங்கையின் தெரு இடது பக்கம். முனையில் நிறுத்தினேன். அங்கிருந்தே வீடு தெரிந்தது. சின்னவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினாள். உடனே ஆட்டுவதை நிறுத்திவிட்டு, என் தோளுக்குப் பின்னால் உற்றுப் பார்த்தாள்.

பிறகு அந்தப் பக்கம் பார்த்து மறுபடி கையாட்டினாள்.

நான் வலது பக்கம் திரும்பினேன். பையில் போன் அடித்தது. எடுக்கவில்லை. இனி அந்த வீட்டுக்கு நான் எப்படிப் போவேன்? மூன்று பிள்ளைகள் இருக்கிற வீடு.

என் தெருவில் ஒரு வேகத்தடை உண்டு. தனியாகப் போகும்போது கவனிக்கவே மாட்டேன். அன்று வேகத்தைக் குறைத்தேன்.

"கெட்டியாப் புடிச்சுக்கோ" என்றேன்.

பிடி இறுகியது.