முள் விழுந்த இடம்

கையால் மூடினால் முள் விழ வேண்டும், கையை எடுத்தால் எழ வேண்டும். வெளிச்சத்தை அளக்கும் ஒரு லைட் மீட்டரிடம் அவள் எதிர்பார்த்தது அவ்வளவுதான். இது எழவில்லை. மதிய வெயில் அவளுடைய ஸ்டுடியோவின் பெரிய ஜன்னல் வழியாகக் கொட்டி, தரையில் பட்டு, எதிர்ச்சுவர் வரைக்கும் எகிறிக்கொண்டிருந்தது. வெள்ளைத் திரையைப் பார்க்கவே கண் கூசியது. அவள் உள்ளங்கையில் கிடந்த கறுப்புப் பெட்டி மட்டும் இந்த அறை கும்மிருட்டு என்று சாதித்தது.

“டேய், இங்க வா!”

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தம்பி ஈரக்கையோடு வந்து நிலைப்படியிலேயே நின்றுகொண்டான். முப்பது வயதைத் தாண்டியவன், ஆனால் அக்கா குரல் உயர்ந்தால் இன்னும் தோளைக் குறுக்கிக்கொள்வான்.

“என்னத்தடா வாங்கிட்டு வந்திருக்க? செத்துப்போனத வாங்கிட்டு வந்திருக்க.”

“கடையில நல்லாத்தான்கா ஓடுச்சு. நானே வெளியில கொண்டு போய்ப் பாத்தேன்.”

“நீ பாத்த. நீ பாத்துத்தான் இந்த லட்சணம்.”

அவன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். எதிர்த்துப் பேச அவனுக்கு முகமில்லை. அவளுடைய பழைய மீட்டரை ஒரு வார்த்தை கேட்காமல் சிநேகிதனுக்கு இரவல் கொடுத்தவன் அவன். அந்தச் சிநேகிதன் அதைப் பஸ்ஸில் மறந்துவிட்டு இறங்கிப்போனான். தொழில் தொடங்கிய நாளிலிருந்து அவள் கழுத்தில் தொங்கிய பொருள் அது. அதற்கு ஈடாகத்தான் இதைப் பழைய சாமான் கடையில் தேடிப்பிடித்து வாங்கி வந்திருந்தான். இன்றைக்கும் அவள் ஃபிலிமில்தான் ஆட்களைப் படமெடுக்கிறாள், அவளுடைய கேமராவில் வெளிச்சத்தை அளக்க ஒன்றும் கிடையாது. நாளைக் காலை ஒரு தம்பதி வருகிறார்கள். மனைவிக்கு மறுநாள் பெரிய ஆபரேஷன். அதற்கு முன்னால் ஒரு படம் வேண்டும் என்று அந்தக் கணவர் போனில் சொன்னபோது குரல் உடைந்திருந்தது. திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

அதை நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மீட்டரை ஜன்னல் பக்கம் திருப்பினாள். முள் விருட்டென்று எழுந்து கோடி வரைக்கும் போனது. அலமாரி பக்கம் திருப்பினாள். நியாயமான அளவு காட்டியது. கதவு, மேஜை, எல்லாம் சரி. சாம்பல் நிறத் துணி தொங்கிய பின்மூலைக்கு வந்தவுடன் முள் படுத்துவிட்டது. மறுபடி ஜன்னல், மறுபடி மூலை. அதே கதை. துணி தன் ஒவ்வொரு மடிப்பும் தெரிய வெயிலில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. மீட்டருக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

லூஸ் காண்டாக்ட் என்று தீர்மானித்தாள். கை திரும்பும்போது உள்ளே ஏதோ விலகுகிறது. சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, தம்பியைச் சத்தமாகத் திட்டியபடியே மேஜை முன் உட்கார்ந்தாள். பின்மூடியைக் கழற்றியதும் அடைத்துப்போட்ட பெட்டியில் ஈரத்துணி நாறுவது போன்ற ஒரு நெடி எழுந்து மூக்கில் உட்கார்ந்துகொண்டது. கம்பிகள் கெட்டியாகத்தான் இருந்தன. வெளிச்சத்தை வாங்கும் செல்லின் முனைகளை ரப்பரால் தேய்த்துத் துடைத்தாள். முள்ளைச் சுழியத்தில் நிறுத்தும் ஸ்க்ரூவை மயிரிழை அளவு திருப்பினாள். வெளிச்சம் பட்டால் தானே மின்சாரம் உண்டாக்கிக்கொள்ளும் ரகம் இது. பேட்டரி கிடையாது, கெட்டுப்போக அதிகம் ஒன்றும் கிடையாது. மூடியை மாட்டி மூலையை நோக்கிப் பிடித்தாள்.

முள் எழுந்தது. அழகாக எழுந்து, சொல்ல வேண்டியதைச் சொன்னது.

“வழிக்கு வந்தியா” என்று முணுமுணுத்தபடி கையை இறக்கியபோது, மேஜைக்கு அந்தப் பக்கம், ஆள் நடமாட விட்டிருந்த காலி இடத்தில், முள் விழுந்தது.

தன் கேமராவை எடுத்து அதன் கண்ணாடி வழியாக அதே இடத்தைப் பார்த்தாள். பளிச்சென்று இருந்தது. சந்தேகமே இல்லை, பொய் சொல்வது மீட்டர்தான். கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

“எல்லா இடத்துலயும் காட்டுதாம்மா?” என்றார் அவர், பொறுமையாக.

“ஒரு இடத்துல காட்டல.”

“ஒரே இடமா, இல்ல மாறிக்கிட்டே இருக்கா?”

அந்தக் கேள்வி அவளுக்குப் பிடிக்கவில்லை. “ஏன், உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? தெரிஞ்சே எங்க தலையில கட்டினீங்களா?”

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். “காட்டாத இடத்துல யாரையும் நிக்க வைக்காதீங்கம்மா. மத்த இடத்துல எடுத்துக்கோங்க.”

“என்னய்யா பேசற நீ? விளையாடறியா? ஏமாத்துக்காரா! கடைக்கே வந்து ஊரைக் கூட்டுறேன் பாரு!” தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள். அவர் எப்போதோ வைத்துவிட்டிருந்தார்.

போனை மேஜையில் எறிந்தாள். தெருவில் ஹார்ன் சத்தம், பள்ளி விட்ட பிள்ளைகளின் இரைச்சல், யாரோ இரும்பு ஷட்டரைத் தூக்கும் கிரீச்சொலி. எல்லாம் ஜன்னல் வரைக்கும் வந்தன. அதற்குப் பிறகு மழுங்கின, அவளுக்கும் தெருவுக்கும் நடுவில் கனமான கம்பளியை யாரோ விரித்துப் பிடித்திருப்பதுபோல. அந்த ஈர நெடி இன்னும் போகவில்லை. மீட்டரின் பின்மூடியை மாட்டி எவ்வளவோ நேரமாகியிருந்தது.

மேஜைக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். சரி. இன்னும் கிட்டே, ஆட்களை உட்கார வைக்கும் ஸ்டூலுக்குப் பின்னால் பிடித்தாள்.

சுழியம்.

“விடுக்கா.” தம்பி வாசலில் நின்றிருந்தான். “நான் வேற எங்கயாவது தேடிப் பாக்கறேன். எனக்கு இந்த ரூம்ல ஒரு மாதிரியா இருக்கு. மூச்சு முட்டுது.”

“வேலைன்னா உனக்கு மூச்சு முட்டும். வந்து உட்காரு. ஆள் முகத்துல என்ன காட்டுதுன்னு பாக்கணும்.”

“அக்கா...”

“உட்காருடா!”

உட்கார்ந்தான். வெயில் அவன் நெற்றியிலும் மூக்கிலும் கழுத்திலும் வழிந்தது. ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்து, அவன் முகத்தின்மேல் தன் நிழல் விழாமல் ஒதுங்கி, மீட்டரைப் பிடித்தாள். முள் நடுவில் திடமாக நின்றது. சரியான அளவு. இது போதும், அவனைப் போகச் சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை நாளாக உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது அந்த நேரம் பார்த்துப் பொங்கியது. அவன் பயந்த பிள்ளைபோல உட்கார்ந்திருந்த தோரணையே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

“மூஞ்சிய அப்படி வச்சுக்காத. செய்யறத எல்லாம் செஞ்சிட்டு, ஒண்ணும் தெரியாதவனாட்டம். சின்ன வயசுலேர்ந்து என் கைல இருக்கறத எல்லாம் நாசம் பண்றதுதான்டா உன் பொழப்பு. நீ ஒருத்தன் இல்லாம இருந்திருந்தா நான் எவ்வளவு நிம்மதியா இருந்திருப்பேன் தெரியுமா!”

சொல்லும்போதே முள் இறங்கத் தொடங்கியது. தொட்டியில் தண்ணீர் வடிவதுபோல, நிதானமாக.

கடைசிச் சொல் முடிந்தபோது அது சுழியத்தைத் தொட்டிருந்தது.

தன் விரல் செல்லை மறைக்கிறதோ என்று பார்த்தாள். மறைக்கவில்லை. ஜன்னல் பக்கம் திருப்பினாள். முள் துள்ளி எழுந்தது. தம்பி பக்கம் திருப்பினாள். விழுந்தது.

“ஏன்கா ஜன்னல மூடிட்ட?” என்றான் தம்பி.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் திறந்தே இருந்தது. வெயில் அப்படியே இருந்தது. அவன் இமை மயிரில் ஒட்டியிருந்த சோப்பு நுரைகூட மின்னியது.

“என்னக்கா, ஒண்ணுமே தெரியல. கரண்ட் போயிடுச்சா?”

அவன் கண்கள் அவள் நின்ற பக்கத்தைத் தேடின. அவளைத் தாண்டிப் போயின. எத்தனையோ முகங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த கண் அவளுடையது. வெயில் நேராக விழுந்தால் மனிதரின் கருமணி கடுகாகச் சுருங்கும். அவனுடையது விரிந்திருந்தது. விளிம்புவரை விரிந்து, வேறு நிறமே மிச்சமில்லாமல்.

கூப்பிட வாயெடுத்தாள். நிறுத்திக்கொண்டாள்.

முதலில் அது மூலையில் இருந்தது. தம்பியைத் திட்டினாள், மேஜைக்கு வந்தது. போனில் கத்தினாள், ஸ்டூலுக்குப் பின்னால் வந்தது. இப்போது...

கத்தக் கூடாது. பேசக்கூடக் கூடாது. மூச்சுச் சத்தம்கூட.

தெருச் சத்தம் நின்றிருந்தது. ஈர நெடி. அவ்வளவுதான்.

“அக்கா? பக்கத்துலதான இருக்க?” அவன் காற்றில் கையைத் துழாவினான். எதுவும் அகப்படவில்லை. கை மடியில் விழுந்தது.

அப்போது அவனுடைய சட்டை அசைந்தது. வலது தோளில், துணி அமுங்கியது. நான்கு பள்ளங்கள். நீளமானவை. பிறகு கழுத்தோரம் ஒன்று. இடது தோளிலும் அப்படியே.

தம்பியின் முகம் தளர்ந்தது. பெரிய பாரம் இறங்கியவன்போல மூச்சு விட்டான்.

“அப்பாடா. பயந்தே போயிட்டேன்.” சிரித்தான். “உன் கை ஏன்கா இவ்வளவு சில்லுன்னு இருக்கு?”

அவளுடைய இரண்டு கைகளும் மீட்டரைப் பிடித்திருந்தன. ஜன்னலோரம்.

“என் மேல கோபம் போயிடுச்சுல்ல?” என்று கேட்டான் அவன், மெதுவாக. கேட்டுவிட்டு, கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, பட்டப்பகல் வெயிலில், தோளின் மேல் ஒன்றுமே இல்லாத இடத்தில் கன்னத்தை வைத்தான். கன்னம் எதன்மேலோ அழுந்தித் தட்டையானது.